பத்தடித் தொட்டிலுக்குக் கயிறா, பட்டையா?

மேற்குத் தாம்பரம்,
9.6.1993

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் தயாளன் அவர்களுக்கு,

தங்கள் அத்தான் வில்பிரட் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் தமக்கை புஷ்பமும், எனது இடது முழங்கை ஒன்று நீங்கலாக, தேவ கிருபையால் பூரண சுகம். அவ்விடம் தங்கள் சுகத்தையும், தங்கள் துணைவியாருடைய சுகத்தையும், டொரான்டோவில் ஜூன் மாதத்திலும் பனி பெய்கிறதா என்பதையும் அறிய ஆவல். நிற்க.

தாங்கள் நண்பர் வசம் கொடுத்தனுப்பிய பச்சை நிறப் பை, சென்ற மே மாதம் பதினேழாம் தேதி திங்கட்கிழமை காலை பத்தரை மணியளவில் பத்திரமாக வந்து சேர்ந்தது. நண்பர் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார், அதனால் அவரிடம் எதையும் விசாரிக்க முடியவில்லை. பையின் மேல் 'அக்காவுக்கு' என்ற ஒரே சொல்லைத் தவிர தாங்கள் வேறொன்றும் எழுதவில்லை. உள்ளேயும் கடிதம் இல்லை. இந்த இடத்தில்தான், மச்சான், எல்லா வினையும் ஆரம்பிச்சது. இனிமே 'தாங்கள்' வேணாம், நீன்னே எழுதறேன். உன் அக்கா சர்ச்சுல பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள எழுதி ஒட்டி தபால்பெட்டியில போட்டாகணும், மரியாதைக்கெல்லாம் நேரம் இல்லை.

பை என்னமோ ஒரு தேங்காய் அளவுதான் இருந்தது. வாயைப் பிரிச்சு இழுத்தா, துணி வருது, வருது, வந்துகிட்டே இருக்கு. கிளிப்பச்சை நிறம், குடைத்துணி மாதிரி லேசு, ஆனா கிழிச்சுப் பார்த்தா கிழியலை. பத்தடி நீளம், அஞ்சடி அகலம். நானே ஸ்கேல் வெச்சு அளந்தேன். ரெண்டு முனையையும் சுருக்கி, முனைக்கு ஒரு இரும்புக் கொக்கி. இதை என்ன பண்றது? கூடாரமா, கட்டில் விரிப்பா, கார் மூடற துணியா, நம்மகிட்ட கார் இல்லைன்னு உனக்குத் தெரியுமே? நான் இப்படி யோசிச்சுகிட்டு நிக்கறேன், உன் அக்கா ஈரக் கையைத் துடைச்சுகிட்டே வந்தா. ரெண்டு கொக்கியையும் பார்த்தா. "தொட்டில்"ன்னா. அவ்வளவுதான். நாற்காலியில உக்காந்துட்டா.

அப்புறம் சொன்னா பாரு, "தயாளன் தொட்டில் அனுப்பியிருக்கான்"னு. என் கையில இருந்த காப்பி தரையில போச்சு. ஏன்னு உனக்குத் தெரியாம இருக்காது. நாலு வயசுல தாயை இழந்த உன்னைத் தூக்கி வளர்த்தவ அவ. எங்களுக்குன்னு வேற பிள்ளை இல்லை. அப்பேர்ப்பட்டவளுக்கு நீ உன் கல்யாணத்தை எப்படித் தெரிவிச்சே? கரடி படம் போட்ட போஸ்ட் கார்டுல, மூணு வரி. அதுவும் கல்யாணம் முடிஞ்சு நாலு மாசம் கழிச்சு. அன்னியிலேருந்து மூணு வருஷமா உனக்கு ஒரு வரி எழுத மாட்டேன்னுட்டா, உன் பேரை எடுக்கறதில்லை. நியூஸ்ல கனடான்னு வந்தா எழுந்துபோய் ரசத்தைக் கிளறுவா. நீ எழுதின கடிதத்துக்கெல்லாம் அவளுக்குத் தெரியாம நான்தான் பதில் போட்டுகிட்டிருக்கேன். அந்தப் புஷ்பம் அன்னைக்கு உன் பேரைச் சொன்னா, மச்சான். சிரிச்சுகிட்டே சொன்னா. "கல்யாணத்தைக் கரடி வந்து சொல்லுச்சு, குழந்தையைத் தொட்டில் வந்து சொல்லுது, வாயத் திறந்து சொல்ற பழக்கமே கிடையாது இவனுக்கு"ன்னு உன்னை வாயார வேற திட்டினா. "நம்ம வீட்டு வழக்கப்படி அத்தைதானே குழந்தையைத் தொட்டில்ல போடணும், அதை மறக்கலை பார்த்தீங்களா"ன்னு கண்ணைத் துடைச்சுகிட்டா.

எனக்கு உடனே ஒரு சந்தேகம். "பத்தடி நீளத்துக்கு என்ன குழந்தை புஷ்பம்?"னு கேட்டேன். "அந்த ஊர்ல பாலு, வெண்ணெய் எல்லாம் சுத்தமா கிடைக்குது, குழந்தை வாட்டசாட்டமாத்தான் பொறக்கும்"னுட்டா. பையோட அடியில ஒரு இங்கிலீஷ் சீட்டு ஒட்டியிருந்தது. அதைக் கிழிச்சு எடுத்துகிட்டுப் பாத்ரூமுக்குப் போய், கண்ணாடி போட்டுப் படிச்சேன். கேம்பிங் ஹாமக்காம். காட்டுக்குப் போறவங்க மரத்துக்கு மரம் கட்டிப் படுத்துக்கறதாம். நானூறு பவுண்டு தாங்குமாம். கடைசி வரியில 'சஸ்பென்ஷன்: ஸ்ட்ராப் அல்லது ரோப், தேர்வு உங்களுடையது, தனியாக விற்கப்படும்'னு இருந்தது. முப்பத்திநாலு வருஷம் சயின்ஸ் வாத்தியாரா இருந்தவன், சஸ்பென்ஷன்ங்கிற வார்த்தையைப் பார்த்ததும் என் வேலையைத்தான் நிறுத்தி வெச்சுட்டாங்களோன்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன். கடைசியில தொங்கவிடறதைச் சொல்றான். அடப்பாவி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு சீட்டைச் சட்டைப்பையில வெச்சேன். இன்னையோட இருபத்திமூணு நாளாச்சு. இன்னும் சொல்லலை.

சொல்ல விட்டாத்தானே! "தொட்டிலை மடிச்சு மூலையில போடக் கூடாது, இன்னைக்கே கட்டணும்"னு என்னைத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு விரட்டினா. அங்க கயிற்றுக்கடைக்காரர் நல்ல மனுஷன். "எதுக்கு சார் கவுறு?"ன்னார். "மரத்துல கட்டணும்"னேன். "இன்னா வெயிட்டு தாங்கணும்?"னார். எப்படியும் சோதிச்சுப் பார்க்க நான்தான் படுக்கணும், அதனால உண்மையைச் சொன்னேன், "அறுபத்திரண்டு கிலோ, என் வெயிட்டுதான்"னு. அவ்வளவுதான் மச்சான், அவர் கையில இருந்த கயிற்றைக் கீழே வெச்சுட்டார். கல்லாவை விட்டு எழுந்து வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுகிட்டார். "சார், மொதல்ல குந்து சார். வூட்ல எதுனா பேஜாரா? பென்ஷன் வர்லியா? எதுவா இருந்தாலும் பேசிக்கலாம் சார்"ங்கறார். துடைப்பம் வாங்க வந்த அம்மா ஒண்ணு, "பாவம், படிச்சவரு கணக்கா கீறாரு"ன்னு கன்னத்துல கை வெச்சுகிட்டு நின்னுது. எனக்கு அப்பதான் உறைச்சது அவங்க என்ன நினைக்கறாங்கன்னு. "ஐயையோ, தொட்டில் கட்ட கயிறுப்பா, தொட்டிலுக்கு!"ன்னு கத்தினேன். "தொட்டிலுக்கா! இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? உசுரு போய் உசுரு வந்துச்சு. எத்தினி மாசம்?"னு கேட்டார். நான் தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். படபடப்புல "ஏழு"ன்னுட்டேன்.

அந்த ஏழு எங்கேருந்து வந்ததுன்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கறேன், புரியலை. நான் கயிறோட வீடு வந்து சேர்றதுக்குள்ள அந்த ஏழு எனக்கு முன்னாடியே எங்க தெருவுக்கு வந்துட்டது. துடைப்பம் வாங்கின அம்மாவுக்கு நம்ம பக்கத்து வீட்டு ரத்தினபாய் நாத்தனார் முறையாம். "இன்னா சார், கனடாவுல ஏழு மாசமாமே, அக்கம்பக்கத்துல சொன்னா கண்ணா வெச்சுடுவோம்?"னு ரத்தினபாய் மதில் மேல எட்டிப் பார்த்துக் கேட்குது. புஷ்பம் என்னைத் திரும்பிப் பார்த்தா. "ஏழா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"னா. உன் நண்பர் வாசல்ல செருப்பு மாட்டும்போது சொன்னார்னு அடுத்த பொய்யையும் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து "அப்போ ஆகஸ்ட்"டுன்னா. காலண்டர்ல ஆகஸ்ட் தாளை மடிச்சு வெச்சிருக்கா மச்சான்.

சரி, கயிறு விஷயத்துக்கு வர்றேன். ஏன்னா இதுல நான் கத்துகிட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. முன்பக்க வேப்பமரத்துக்கும் மாமரத்துக்கும் நடுவுல பதிமூணு அடி. முதல்ல தேங்காய்நார்க் கயிறு. கட்டி முடிச்சதும் உன் அக்கா, "வெறும் தொட்டில் ஆடக் கூடாது"ன்னு அம்மிக் குழவியைக் கழுவிப் பழைய துணியில சுத்தி உள்ளே படுக்க வெச்சா. குழந்தைக்கும் குழவின்னு பேரு, அரைக்கிற கல்லுக்கும் குழவின்னு பேரு, இது ஏன்னு தமிழ் வாத்தியார் யாரையாவது கேட்கணும். காத்தடிச்சது, தொட்டில் ஆடுச்சு, அரைமணி நேரத்துல முடிச்சு வழுக்கிக் குழவி என் சைக்கிள் மேல விழுந்தது. மட்கார்டு போச்சு. போகட்டும். அவிழ்த்துப் பார்த்தா, மாமரத்துப் பட்டையில கயிறு இருந்த இடம் விரல் ஆழத்துக்குக் காயம், பால் வடியுது. நான் அங்கேயே உக்காந்துட்டேன். அழுத்தம்னா விசையைப் பரப்பால வகுக்கணும்னு எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்? ஒல்லிக் கயிறு, சின்னப் பரப்பு, அதனால வெட்டுது. அகலமான பட்டையா இருந்தா அதே பாரம் பரவி மரத்துக்கு வலிக்காது. இது எனக்கே அன்னைக்குத்தான் விளங்குச்சு. அதுவரைக்கும் பரீட்சைக்குத்தான் விளங்கியிருந்தது.

இருந்தாலும் ஒரே பரிசோதனையில முடிவுக்கு வரக்கூடாதே! ரெண்டாவது, நைலான் கயிறு. அடியில சாக்கு மடிச்சு வெச்சுக் கட்டினேன். காலையில தொட்டில் என் இடுப்பு உயரத்துல நின்னது. மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு வந்து பார்த்தா முழங்கால் உயரம். மறுபடி இழுத்துக் கட்டினேன். மறுநாள் சாயந்திரம் மறுபடி முழங்கால். நாலு நாள் நோட்டுப் போட்டு எழுதினேன், தினமும் பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவுல சராசரி பதினோரு அங்குலம் இறங்குது. உள்ளே ஒரு குழவிதான், அதுக்கே இப்படி. வெயில் சூட்டுல நைலான் விரியுதுன்னு முடிவு பண்ணி, மதியம் கயிற்றுக்கு மேல ஓலை போட்டு நிழல்கூட கட்டிப் பார்த்தேன். நிழல் போட்ட அன்னைக்குப் பதினாலு அங்குலம் இறங்குச்சு! விஞ்ஞானத்துல இதுக்கு விளக்கமே இல்லை. ரத்தினபாய்கூட, "இன்னா சார், தொட்லு தரைக்கு வந்துகினே கீது"ன்னு அக்கறையாக் கேட்டுச்சு.

ஆக, கயிறு ஒழிஞ்சது, பட்டைதான். பட்டைன்னா முதல்ல தோல்வார்தானே நினைவுக்கு வரும்? பம்மலுக்கு பஸ் ஏறினேன். சவுரிமுத்துன்னு ஒருத்தர், பெல்ட் தைக்கிற பட்டறை வெச்சிருக்கார். அளவைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்து, "இது ஆனைக்கா சார்?"னார். "குழந்தைக்கு"ன்னேன். அளவை இன்னொரு தடவை கேட்டுகிட்டுத் தைச்சுக் கொடுத்துட்டார். நாலு விரல் அகலம், ரெட்டைத் தையல், அப்படி ஒரு வேலை. ஆனா வாடைன்னா வாடை, பஸ்ல என் பக்கத்துல ஒருத்தரும் உக்காரலை. மரத்துல கட்டின ஒரு மணி நேரத்துல தெருநாயெல்லாம் வந்து வேப்பமரத்தைச் சுத்திக் கூட்டம் போட்டுடுச்சு. மறுநாள் காலையில எழுந்து பார்த்தா ரெண்டு வாரும் இல்லை, தொட்டில் தரையில கிடக்கு. நாயே தின்னுருக்கும், வேற யாரு? கொக்கியை மட்டும் விட்டுட்டுப் போயிருந்தது. வாரை அவிழ்த்துட்டுக் கொக்கியை விட்டு வைக்கிற அளவுக்கு நாய்க்கு அறிவு உண்டான்னு எனக்கு ஆச்சரியம், அதையும் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.

அப்புறந்தான் அனகாபுத்தூர். ஆத்தோரம் ஒரு சந்துல சாம்பசிவன்னு நெசவுக்காரர், புடவை நெய்யறவர். சைக்கிளை உள்ளே விட முடியாத சந்து. கட்டில் நாடா மாதிரி, ஆனா ரெட்டை இழை பஞ்சு நூல்ல, அஞ்சு விரல் அகலத்துக்குப் பட்டை நெய்து தர முடியுமான்னு கேட்டேன். மனுஷன் நூலைக் கையில எடுத்து இழுத்துப் பார்த்து, பல்லால கடிச்சுப் பார்த்து, "தறியில வர்ற எதையும் நெய்துடலாம் சார், எதுக்குன்னு சொல்லுங்க"ன்னார். தொட்டிலுக்குன்னேன். (இந்த வார்த்தை இல்லாம எனக்கு ஒரு சாமானும் வாங்க வரமாட்டேங்குது.) "தொட்டிலுக்குன்னா கரை போடாம எப்படி?"ன்னு அவரா அரக்குக் கரை போட்டார். "குழந்தை பேரு சொன்னீங்கன்னா முந்தியில எழுத்தா எடுத்துடலாம், கஷ்டந்தான், ஆனா பண்ணலாம்"னார். பேர் ஒண்ணும் வைக்கலைன்னு சொல்லிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, வேடிக்கையா சொல்ற மாதிரி உன் அக்காகிட்ட சொன்னேன், நெசவுக்காரர் பேர் கேட்கறார்னு. அவ அரிசி களைஞ்சுகிட்டிருந்தா. தலையைத் தூக்கலை. "ஞானஜோதி"ன்னா. உங்கம்மா பேரு. நான் வாசல்ல போய் நின்னுட்டேன் மச்சான். அதுக்கு மேல எனக்கு அங்க நிக்க முடியலை.

பேர் போடாமலே பட்டை வந்தது. எப்பேர்ப்பட்ட பட்டைங்கறே! மரத்துல துளி காயம் இல்லை, ஒரு அங்குலம் இறங்கலை. குழவி, அரைமூட்டை அரிசி, அப்புறம் நான்னு வரிசையா ஏத்திப் பார்த்தேன். நான் ஏறினதுல மட்டும் ஒரு தப்பு நடந்துபோச்சு. கட்டில் மாதிரி சமமா இருக்கட்டும்னு விறைப்பா இழுத்துக் கட்டியிருந்தேன். ஏறினதும் தொட்டில் என்னை அப்படியே புரட்டிக் கீழே போட்டுடுச்சு. இடது முழங்கை அதுலதான் போச்சு. பிறகு கட்டுப் போட்ட கையோட உக்காந்து காகிதத்துல போட்டுப் பார்த்தேன். பட்டை தரைமட்டத்துக்கு முப்பது டிகிரி சாய்வா இருந்தா ரெண்டு பக்கமும் என் எடை அளவுதான் இழுக்குது. அஞ்சு டிகிரிக்கு விறைப்பாக் கட்டினா, முந்நூத்தி ஐம்பது கிலோவுக்கு மேல! அறுபத்திரண்டு கிலோ ஆளுக்கு! தளர்த்திக் கட்டினாத்தான் தாங்கும், இறுக்கினா பிய்ச்சுக்கும். இதை முப்பத்திநாலு வருஷத்துல ஒரு பையனும் என்னைக் கேட்கலை, நானும் சொல்லலை. இப்ப தளர்த்திக் கட்டி, நேரா படுக்காம குறுக்கா சாய்ஞ்சு படுத்தா, அடடா, முதுகே நேராயிடுது.

இத்தோட நிறுத்தியிருக்கலாம். ஆனா அது முன்பக்கத் தோட்டம், பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழி. வேப்பமரம், அதுல அரக்குக் கரைப் பட்டை, அதுல பத்தடித் தொட்டில், உள்ளே துணி சுத்தின குழவி. பார்க்கிறவங்களுக்கு என்ன தோணும்? ஒரு புதன்கிழமை காலையில கேட்டுக்கு மேல தொங்கற கிளையில மஞ்சத்துணியில சின்னத் தொட்டில் ஒண்ணு ஆடுது. மறுநாள் மூணு. ஞாயித்துக்கிழமைக்குள்ள பதினொண்ணு. பிள்ளை வேணும்னு கட்டிட்டுப் போறாங்க மச்சான், கனடாவுல இருக்கிற பொண்ணுக்கே பலிச்ச மரமாம்! ரத்தினபாய் பரப்பின சேதி. நான் அவிழ்க்கப் போனேன். புஷ்பம் என் கையைத் தட்டிவிட்டா. "கட்டினவளுக்குத்தான் தெரியும் அது என்னன்னு, நீங்க சும்மா இருங்க"ன்னா. அவ முகத்தைப் பார்த்துட்டு ஏணியை எடுத்து உள்ளே வெச்சுட்டேன்.

பாஸ்டர் ஏசுபாதம் ஐயா விஷயம் கேள்விப்பட்டு நேரா வந்துட்டார், கையில வேதாகமத்தோட. "வில்பிரட், சபையில மூத்த அங்கத்தினர் நீங்க, வாசல்ல இது என்ன?"னு ஆரம்பிச்சார். நான் விசை, பரப்பு, முப்பது டிகிரின்னு விளக்கினேன். அவருக்கும் ஆவல் வந்துட்டது. "நான் கொஞ்சம் உக்காந்து பார்க்கட்டுமா?"ன்னார். அவர் எண்பத்தெட்டு கிலோ. பின்னாடி சாய்ஞ்சார், ரெண்டு பக்கத் துணியும் மேலே மூடிக்கிச்சு. உள்ளேயிருந்து, "வில்பிரட், இதுலேருந்து எப்படி வெளியே வர்றது?"ன்னு குரல் வந்தது. கொஞ்ச நேரத்துல அந்தக் குரலும் நின்னுபோச்சு. நாற்பது நிமிஷம் தூங்கினார் மச்சான். எழுப்பினதும் வேதாகமத்தைத் தேடி எடுத்துகிட்டு, "பட்டை நல்ல பட்டை"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார். ஆக, எல்லாச் சோதனையும் முடிஞ்சது. கயிறு வேணாம், பட்டைதான். இது தீர்ந்த விஷயம்.

தீராத விஷயம் ஒண்ணுதான் பாக்கி. உண்மையைச் சொல்லு, உன் வீட்டுல ஏதாவது விசேஷம் உண்டா? இருந்தா இந்தக் கடிதம் கிடைச்ச அன்னைக்கே தந்தி அடி, ஏழுங்கிறதை நான் எப்படியாவது மூணு, நாலுன்னு திருத்திக்கறேன். இல்லைன்னா, இதை உன் அக்காகிட்ட எந்த வாயால சொல்றதுன்னு எனக்கு ஒரு வழி எழுது. பொய்யை வளர்த்தவன் நான்தான், அடி விழுந்தா எனக்கு விழட்டும். ஆனா தொட்டில் இல்லை, வெறும் காட்டுப் படுக்கைதான்னு தெரிஞ்சா, மூணு வருஷம் கழிச்சு வாயில வந்த உன் பேரு மறுபடி உள்ளே போயிடுமேன்னுதான் எனக்குப் பயமா இருக்கு. அதுக்காகத்தான் இருபத்திமூணு நாளா வாயை மூடிகிட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஓடலை, மச்சான்.

தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும் சகல நன்மைகளும், திடமான சரீர சுகமும், காலாகாலத்தில் கடிதம் எழுதும் நல்ல புத்தியும் ஆண்டவர் அருள்வாராக என்று வேண்டும்,

தங்கள் அன்புள்ள அத்தான்,
தே. வில்பிரட்

பி.கு.: டேய் தயாளா, இது அக்கா. சங்கக் கூட்டம் சீக்கிரமே முடிஞ்சுட்டது. உங்கத்தான் கடுதாசியை மேஜை மேல விரிச்சு வெச்சுட்டு கோந்து வாங்கப் போயிருக்கார். படிச்சேன். உனக்குக் கடுதாசி எழுத மாட்டேன்னு சொன்னவதான் நான். இது கடுதாசி இல்லை, அடியில ஒரு குறிப்பு. கணக்குல சேராது.

அவர் எழுதினது ஒண்ணையும் நம்பாதே. நாய் தோலைத் தின்னலை. வாடை தாங்காம நான்தான் கழட்டி வாய்க்கால்ல வீசினேன். நைலான் கயிறு வெயில்ல விரியலை. மத்தியானம் அவர் குறட்டை விடற நேரத்துல நானும் ரத்தினபாயும் அதுல ஏறிப் படுத்துக் கதை பேசுவோம். நிழல் போட்டுக் கொடுத்த அன்னைக்கு இன்னும் கொஞ்சம் சுகமா இருந்தது, சாயந்திரம் வரைக்கும் இறங்கவேயில்லை. ஏழு மாசமும் பொய், அது அவர் வாயிலேருந்து வரும்போதே தெரியும், பொய் சொன்னா அந்த மனுஷனுக்குக் காது சிவந்துடும்.

தொட்டிலும் பொய்தாண்டா. பையை வாசல்ல வாங்கினப்பவே அந்தச் சீட்டை அவருக்கு முன்னாடி நான் படிச்சுட்டேன். நானூறு பவுண்டுல குழந்தை எந்த ஊர்லடா பொறக்கும்? அது என்னன்னு தெரிஞ்சேதான் தொட்டில்னு சொன்னேன். வேற எதைச் சொல்லி உன் பேரை எடுக்கறது? மூணு வருஷம் எடுக்காம இருந்துட்டு, திடீர்னு எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியலை. ரிடையர் ஆனதுலேருந்து சுவத்தைப் பார்த்துகிட்டு உக்காந்திருந்தவரும் கயிறு, பட்டை, டிகிரின்னு ஓட ஆரம்பிச்சுட்டார். சரி, ஓடட்டும்னு விட்டுட்டேன். நான் படிச்சதை அவர்கிட்ட சொல்லாதே.

அம்மா பேரை மட்டும் நான் பொய்யா சொல்லலை. அது எப்ப வேணாலும் இருக்கட்டும், அவசரம் ஒண்ணும் இல்லை.

ரெண்டு பேரைத் தாராளமாத் தாங்குது, நாங்க படுத்துப் பார்த்தாச்சு. அவளையும் கூட்டிகிட்டு வா. அவ பேரு என்னன்னு முதல்ல எழுது. தெரியாம வாசல்ல நின்னு என்னன்னுடா கூப்பிடறது?